உடுவில் கோப்பில் நீர்வேலித் திதி

நான்கு விரல் அகலமுள்ள வெள்ளைக் கடதாசித் துண்டு. அதில் இருப்பது இவ்வளவுதான்: “பிழை திருத்தம். 7ஆம் பக்கத்தில் ‘புரட்டாதி மாதப் பூர்வபக்கத் தசமி’ என்றிருப்பதை ‘ஐப்பசி மாத அபரபக்கத் துவிதியை’ எனத் திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.”

நவம்பர் 18, திங்கட்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்குச் சற்று முன் சுன்னாகத்தில் ஓர் அச்சகத்தில் இது அடிக்கப்பட்டது. என்னிடம் இருப்பது ஒட்டாமல் மிஞ்சிய பிரதி. ஆண்டை வேண்டுமென்றே விடுகிறேன். எழுதினால் எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும். அடித்தவருடைய பெயரையும் விடுகிறேன். ஒருகாலத்தில் மானிப்பாயில் தட்டச்சு வகுப்பு நடத்தியவர் என்பதால் எல்லோரும் அவரை ரீச்சர் என்றே கூப்பிட்டார்கள். இங்கேயும் அது போதும்.

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், வீட்டுக்கிருத்தியத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை எங்கள் பகுதியில் கல்வெட்டு என்கிறோம். தேவாரங்கள், இறந்தவரின் வரலாறு, வம்சாவளி, திதி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். பெரும்பாலானோர் படத்தைப் பார்த்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள். நான் சேர்க்கிறேன். காணிப் பதிவில் வேலை பார்த்த காலத்திலேயே பிடித்த பழக்கம் இது. காணி உறுதியில் பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த வருடம் இடம்பெயர்ந்தார், யாரைக் கலியாணம் முடித்தார் என்பது கல்வெட்டில்தான் இருக்கும். வரலாற்று நூல்கள் நிறைய வாசித்திருக்கிறேன். எங்கள் சுற்றாடலைப் பொறுத்தவரை இவற்றைவிட நம்பத்தக்க மூலம் எனக்குக் கிடைக்கவில்லை. பிழைகள் இருக்கும். ஆனால் பிழையை யாராவது ஒரு சித்தப்பா கண்டுபிடித்துவிடுவார்.

இந்தப் பைத்தியம் அறிந்து, சுன்னாகத்து அச்சக முதலாளி வம்சாவளிகளைச் சரிபார்க்க என்னைக் கூப்பிடத் தொடங்கினார். கூலி இல்லை. ஒவ்வொரு கல்வெட்டிலும் இரண்டு பிரதி தருவார். அங்கே கணினியில் எழுத்துக்கோப்பவர் ரீச்சர். அவரை எட்டு வருடம் அறிந்திருந்தேன். அந்த எட்டு வருடத்தில் “தெரியேல்லை” என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஒன்று கண்ணுக்குப் படவில்லையென்றால் அது அந்தப் பொருளின் குற்றமாக இருக்கவேண்டும். அல்லது எதிரில் நிற்பவரின் குற்றமாக.

முதல்முறை என் திருத்தங்களைப் பதினான்கு தாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் எழுத்து பொடி. பதிவேட்டுக் கட்டங்களுக்குள் எழுதிப் பழகியது. அவர் முதல் தாளை யன்னல் பக்கம் பிடித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“ஐயா, இது எழுத்தோ, எறும்பு போன தடமோ?”

“ஏன், விளங்கேல்லையோ?”

“விளங்குது. கடதாசி விக்கிற விலைக்கு நீங்கள் இப்பிடிப் பயப்பிடாதேங்கோ. கொஞ்சம் பெருப்பிச்சு எழுதிக்கொண்டு வாங்கோ.”

பதினான்கு தாளையும் திருப்பி எழுதினேன், இருபத்தொன்பது தாளானது. முதலாளி பின்னால் நின்று சிரித்தார். அந்த அம்மாவுக்கு அகங்காரம் என்று அன்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

“பெருப்பிச்சால் சரி” என்பது அவர் அடிக்கடி சொல்வது. யாராவது படத்தில் தாத்தாவின் முகம் தெளிவில்லை என்றால், பெருப்பிச்சால் சரி. தேவாரம் பக்கத்தில் நிரம்பவில்லையென்றால், பெருப்பிச்சால் சரி. வம்சாவளியில் நாலாம் தலைமுறைப் பெயர்களைப் பொடியாக்கித்தான் ஒரு பக்கத்துக்குள் அடக்கலாம் என்று நான் சொன்னபோது, “அதுகளும் ஒருக்கால் சீவிச்ச சனம்தானே ஐயா” என்று சொல்லி, மடித்து வைக்கும் நீளத் தாளில் அடித்தார். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. குடும்பத்துக்குப் பிடித்தது.

சுன்னாகத்திலிருந்து அவர் பின்னேரம் பஸ்ஸில் மானிப்பாய்க்குப் போவார். பஸ் வந்து நின்றதும் ஏறமாட்டார். கொண்டக்ரரை அழைத்துக் கேட்பார்.

“தம்பி, எவடத்துக்குப் போறதாய் உத்தேசம்?”

“போர்டிலை கிடக்குத்தானே அக்கா.”

“போர்டிலை கிடக்கிறதும் நீங்கள் போறதும் எப்ப ஒண்டா இருந்தது?”

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரிப்பார்கள். கொண்டக்ரர் தோற்றுப்போய் ஊர்களைச் சொல்வார். மானிப்பாய் என்ற சொல் வந்ததும் ஏறுவார். ஒருமுறை நானும் பக்கத்தில் நின்றேன். பலகையில் கையகல எழுத்தில் மானிப்பாய் என்றிருந்தது. வேடிக்கைக்காரி என்று நினைத்தேன்.

சந்தையிலும் அப்படித்தான். வெங்காயத்தைக் கையால் உருட்டி, தோல் உரித்து, மணந்து பார்த்துத் தெரிந்தெடுப்பார். மின்தராசில் வைத்ததும், “உந்தத் தராசு என்ன சொல்லுது?” என்று கேட்பார். விற்கிறவர் திரும்பி, “உங்கடை பக்கமும் நம்பர் விழுகுது அக்கா” என்றால், “நம்பர் ஆருக்கும் விழும். நீர் வாயாலை சொல்லும். பொய்யோ மெய்யோ எண்டு குரலிலை பிடிப்பன்” என்பார். வெங்காயக்காரருக்கு அதில் மனவருத்தம். ரீச்சர் தன்னைக் கள்ளன் என்று நினைக்கிறா என்று என்னிடமே சொன்னார்.

தெருவில் எதிர்ப்பட்டால் முகம் கொடுக்கமாட்டார். நாமாகக் கதைத்தால் உடனே பெயர் சொல்லிக் கதைப்பார். அதனால் ஊரில் அவருக்குத் தலைக்கனம் என்ற பெயர் இருந்தது. என் குறிப்பேட்டில் மட்டும் ஐந்து இடத்தில் “ரீச்சர் இன்றும் கண்டும் காணாமல் போனார்” என்றிருக்கிறது. ஐந்துக்கும் திகதி உண்டு.

அச்சகத்துக் கணினியில் லினக்ஸ் வந்த கதை சாதாரணமானது. கல்வெட்டு அடிக்க வருபவர்கள் படங்களைப் பென்டிரைவில் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு பென்டிரைவும் ஒரு வைரஸைக் கொண்டுவரும். இரண்டு முறை எல்லாக் கோப்புகளும் போன பிறகு, முதலாளியின் மருமகன் வந்து லினக்ஸைப் போட்டுவிட்டார். கடை பூட்டும்போது எல்லாக் கோப்புகளும், கணினியின் அமைப்புகளும்கூட, இன்னொரு வன்தட்டில் அன்றைய திகதியோடு பிரதியாகச் சேரும்படியும் செய்துவிட்டுப் போனார். ரீச்சர் ஒரு கிழமையில் அதைப் பழகிக்கொண்டார்.

லினக்ஸில் அவருக்குப் பிடித்தது ஒன்றுதான். திரையின் அடியில் ஓடும் பட்டையை, அதைப் பனல் என்பார்கள், விரும்பிய உயரத்துக்கு வளர்க்கலாம். ஒவ்வொரு சாளரத்தின் தலையிலும் கோப்பின் பெயரைக் காட்டும் தலைப்புப் பட்டையையும், அதன் எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கலாம். மெனு எழுத்துக்கும் தனி அளவு. அவர் மூன்றையும் வளர்த்தார். கடைசியில் திரையில் கால்பங்கை அவையே பிடித்தன.

“ரீச்சர், உது கொம்பியூட்டரோ, கடைப் பெயர்ப்பலகையோ?” என்பார் முதலாளி.

“பெயர்ப்பலகை பெரிசா இருக்கிற கடைக்குத்தான் தம்பி சனம் வரும்.”

“வேலை செய்ய இடம் எங்கை இருக்கு?”

“வேலை என்ரை விரலிலை இருக்கு.”

அது உண்மை. விசைப்பலகையை அவர் பார்த்ததே இல்லை.

நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. ரீச்சர் அன்று அரை நாள் லீவு. மாதத்தில் ஒரு வெள்ளி அப்படி எடுப்பார். கோயில் அலுவல் என்று முதலாளி நினைத்திருந்தார். நான் நீர்வேலிக் கல்வெட்டின் வம்சாவளியைப் பார்க்கப் போயிருந்தேன். இறந்தவர் வாழைத்தோட்டக்காரர், ஒக்டோபர் 18 பின்னேரம் காலமானவர். ஆறு தலைமுறை, நூற்று இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள். முதலாளி அச்சு இயந்திரத்தில் நின்றார். “நீங்களே இருந்து பாருங்கோ ஐயா” என்றார். ரீச்சரின் கதிரையில் இருந்தேன்.

படம் திரைக்குள் அடங்கவில்லை. மேலே கொழுத்த தலைப்புப் பட்டை, கீழே கொழுத்த பனல், நடுவில் இரண்டு தலைமுறை. யாரோ கைதவறிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். முதலாளியின் கேலியைப் பல தடவை கேட்டிருந்தும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக் கணினியிலும் அதே லினக்ஸ். அளவுகளை எங்கே மாற்றுவது என்று வாசித்து அறிந்திருந்தேன். ஐந்து நிமிட வேலை. குறிப்பேட்டில் உள்ளது இது: “பி.ப. 3.40. பனல் 96இலிருந்து 32. தலைப்பு எழுத்து 30இலிருந்து 10. மெனு எழுத்து 24இலிருந்து 10. திரை ஒழுங்கானது.”

வம்சாவளியில் மூன்று பிழை கண்டேன். திருத்தினேன். அளவுகளைப் பழையபடி விடவேண்டும் என்று தோன்றவில்லை. யாருக்கும் சொல்லவுமில்லை. சொல்ல வேண்டிய விடயமாக அது தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை நீர்வேலியார் திதியை எழுதிய துண்டைக் கொண்டுவந்தார்கள். ஐயரிடம் கணித்து வாங்கியது. கல்வெட்டில் திதிக்கு ஒரு பூவேலைப் பெட்டி உண்டு. எங்கள் அச்சகங்களில் எவரும் அதைப் புதிதாக வரைவதில்லை. கடைசியாக அடித்த கல்வெட்டைத் திறந்து, பெட்டியை அப்படியே புதிய கோப்புக்குள் கொண்டுவந்து, உள்ளே இருக்கும் திதியை மட்டும் மாற்றுவார்கள். கடைசியாக அடித்தது உடுவிலில் ஒருவருடைய கல்வெட்டு. அவர் பூர்வபக்கத் தசமியில் காலமானவர். உடுவில் கல்வெட்டு அன்று காலையே இயந்திரத்தில் ஏறிவிட்டது. ஆனால் அதன் கோப்பு திரையில் திறந்தபடி இருந்தது.

ஆக, ரீச்சர் முன்னால் இரண்டு சாளரங்கள். இரண்டிலும் ஒரே பூவேலை, ஒரே பெட்டி, உள்ளே ஒரே உடுவில் தசமி. எது எந்தக் கோப்பு என்று சொல்ல, தலையில் உள்ள பெயரும் அடியில் பனலில் உள்ள பெயரும் மட்டுமே. பெட்டிக்குள் இருக்கும் எழுத்தை அவர் கணினி எலியின் சில்லை உருட்டி எவ்வளவும் பெருப்பிப்பார். அது நான் மாற்றிய அளவுகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. சாளரத்தின் பெயரை அப்படி உருட்டிப் பெருப்பிக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை நீர்வேலியார் வந்து அச்சுக்கு முந்திய கடைசிப் படியைப் பார்த்தார்கள். படங்களைப் பார்த்தார்கள். வியாழக்கிழமை முந்நூறு பிரதி அடிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 17, முப்பத்தோராம் நாள்.

திங்கள் காலை என் இரண்டு பிரதியை வாங்கப் போய் நின்றேன். இறந்தவரின் மகன் மோட்டார்சைக்கிளை நிறுத்தியும் நிறுத்தாமலும் உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். புத்தகக் கட்டை மேசையில் போட்டார்.

“அண்ணை, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்? நேற்றுப் பந்தலுக்குள்ளை, எல்லாச் சனத்துக்கும் முன்னாலை, சித்தப்பா வாசிக்கிறார். ஐயர் கையைக் காட்டி நிப்பாட்டுறார்.”

“என்ன தம்பி நடந்தது?” என்றார் முதலாளி.

“அப்பா செத்தது தேய்பிறையிலை. நீங்கள் வளர்பிறையிலை, அதுவும் ஒரு மாதம் முந்திச் சாகடிச்சுப்போட்டியள். ஆட்டைத் திவசத்தை எண்டைக்குச் செய்யிறது? அக்கா நாப்பது புத்தகத்தோடை விடியவே கொழும்புக்கு வெளிக்கிட்டிட்டா. கனடாவிலை இருக்கிற சனம் உதைப் பாத்துத்தானே திவசம் குடுக்கும்?”

வெளியாட்களுக்கு இது சின்ன விடயமாகத் தெரியலாம். எங்களுக்கு வருடாவருடம் வரும் திவசம் திதியில்தான். பிழையான நாளில் கொடுத்தால் கொடுத்ததாகாது. பத்து வருடம் கழித்துத் திதியில் சந்தேகம் வந்தால் வீட்டார் எடுத்துப் பார்ப்பது கல்வெட்டைத்தான்.

முதலாளி ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் ஏற்கெனவே எழுந்து நின்றார்.

“அப்பிடி இருக்காது. கொண்டாங்கோ, பாப்பம்” என்றார்.

மகன் ஏழாம் பக்கத்தை விரித்துக் கொடுத்தார். ரீச்சர் புத்தகத்தை எட்டிப் பிடித்தார். கிட்டக் கொண்டுவந்தார். பிறகு மார்பளவில் வைத்துக்கொண்டு, தெளிவாக, வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் குரலில் வாசித்தார்.

“ஐப்பசி மாதம், அபரபக்கத் துவிதியை. சரியாத்தானே கிடக்கு?”

முதலாளி போய் அச்சு இயந்திரத்தை நிறுத்தினார்.

“அக்கா,” என்றார் மகன். கத்திக்கொண்டு வந்தவரின் குரல் தணிந்துவிட்டது. “அதிலை அப்பிடி இல்லை.”

முதலாளி புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மூடினார். சுவரைக் காட்டினார்.

“ரீச்சர், அந்தக் கலண்டரிலை இண்டைக்கு என்ன திகதி?”

“பதினெட்டு.”

“கலண்டரைப் பாத்துச் சொல்லுங்கோ.”

“இண்டைக்கு என்ன திகதி எண்டு எனக்குத் தெரியும் தம்பி. அதுக்கு ஏன் கலண்டர்?”

அவர் முகம் சுவர்ப் பக்கம்தான் இருந்தது. கலண்டர் இன்னும் இரண்டு முழம் இடப்பக்கமாகத் தொங்கியது.

பிறகு அவர் மகனிடம் திரும்பினார். “பிழை என்ரைதான். ஒட்டுற துண்டு அடிச்சுத் தாறன். கொஞ்சம் இருங்கோ, மேனை.”

கதிரையில் இருந்து துண்டை அடித்தார். நான் பின்னால் நின்றேன். எழுத்துகள் பிழையில்லாமல் விழுந்தன. கோப்பைச் சேமிக்கும் நேரத்தில் மட்டும் முகம் திரையைத் தொடுமளவுக்குக் குனிந்தது. அடியில் பனல் நான் விட்ட உயரத்திலேயே இருந்தது. அதைக் கண்டேன். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை என்று எழுதினால் அது முக்கால் உண்மை. என் இரண்டு பிரதியையும் எடுத்துக்கொண்டு, துண்டு வரும்வரை காத்திருந்து, அதிலும் ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

ரீச்சர் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் சாப்பாட்டுப் பெட்டியையும் பைக்குள் வைத்தார். முதலாளி வாசல்வரை வந்தார்.

“நாளைக்கு வரவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, ரீச்சர்.”

“நீங்கள் சொல்லேல்லை. நான்தான் சொல்லுறன்.”

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. பிறகும் வரவில்லை. ரீச்சர் கண் தெரியாமல் திதியைப் பிழையாக அடிச்சுப்போட்டா என்று சுன்னாகத்தில் கதை நடந்தது. நீர்வேலியில் அந்தக் கதையில் கண் இல்லை. பிழை மட்டும் இருந்தது. வெங்காயக்காரர் என்னிடம் வந்து, “அப்ப அக்கா என்னைக் கள்ளன் எண்டு நினைக்கேல்லை, என்ன?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

டிசம்பரில் முதலாளி புதுக் கணினி வாங்கினார். பழைய வன்தட்டில் உள்ள வம்சாவளிகளை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று அதை என்னிடம் தந்தார். நாள்வாரியாகப் பிரதிகள். அமைப்புகள் எழுதப்படும் கோப்புகளும் இருந்தன. அவை வெறும் எழுத்துக் கோப்புகள். யாரும் திறந்து வாசிக்கலாம். நான் திகதிகளை அடுக்கிப் பார்க்கும் ஆள். அடுக்கினேன்.

லினக்ஸ் போட்ட மாதத்தில் பனல் 30. அடுத்த தைப்பொங்கலுக்கு முன் 36. பிறகு நீண்டகாலம் 48. ஒரு மழைக்காலத்தில் ஆறு கிழமைக்குள் 48இலிருந்து 64, அங்கிருந்து 80. கடைசி வருடம் முழுவதும் 96; அந்த லினக்ஸில் அதற்குமேல் ஏற்ற முடியுமோ என்று அவர் பார்த்தாரா தெரியாது, எண் அங்கேயே நிற்கிறது. தலைப்பு எழுத்தும் கூடவே ஏறுகிறது. மூன்று வருடத்துக்கு மேலாக ஒருவரின் கண் எப்படிப் போனது என்பதற்கு வேறு எந்தப் பதிவும் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு முறையும், இருந்த அளவை வாசிக்க முடியும்போதே அடுத்த அளவுக்குப் போயிருக்கிறார். வாசிக்க முடியாத அளவில் நின்றுகொண்டு அமைப்புச் சாளரத்தைத் தேட வேண்டிய நிலை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

நவம்பர் 8 மாலைப் பிரதியில் 32, 10, 10. சனி மாலையிலும் அதே. பிறகு அவர் போன நாள்வரை எல்லாப் பிரதியிலும் அதே. சனிக்கிழமை முழுவதும் முதலாளி கடையில்தான் இருந்தார். ரீச்சர் தன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை என்கிறார்.

பிறகு உடுவில் கல்வெட்டின் கோப்பைத் திறந்தேன். சனிக்கிழமை காலை அச்சுக்குப் போய் முடிந்த கோப்பு. அதன் திதிப் பெட்டியில், ஒரு கால்கூடப் பிசகாமல், ஐப்பசி மாத அபரபக்கத் துவிதியை என்றிருந்தது. சேமித்த நேரம் சனி, முற்பகல் 10.26. அவர் நீர்வேலித் திதியைச் சரியாகவே அடித்திருக்கிறார். அடித்தது மற்றச் சாளரத்துக்குள். நீர்வேலிக் கோப்பில் உடுவிலாரின் தசமி தொடப்படாமல் அப்படியே இருந்து அச்சேறியிருக்கிறது. உடுவில் கல்வெட்டு முன்னமே அச்சாகிவிட்டதால் அங்கே ஒருவருக்கும் ஒன்றும் தெரியவரவில்லை.

ஜனவரி 11, சனிக்கிழமை, மானிப்பாய்க்கு அவர் வீட்டுக்குப் போனேன். தமக்கையின் மகளோடு இருக்கிறார். வாசல் படலையில் நான் இருமினேன். “வாங்கோ ஐயா” என்றார். முன் விறாந்தையில் இருந்தோம். யன்னல் கட்டில் சின்னக் கண்மருந்துப் போத்தல்கள் மூன்று, ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல்: ஒன்றில் ஒரு முடிச்சு, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று.

தேத்தண்ணி வந்தது. வன்தட்டைப் பற்றிச் சொன்னேன். உடுவில் கோப்பில் கண்டதைச் சொன்னேன்.

“அப்ப நான் துவிதியை எண்டு அடிச்சது உண்மை” என்றார்.

“உண்மை.”

“நேரம் இருக்கோ?”

“பத்து இருபத்தாறு.”

“ஓம். துண்டு வந்த உடனை அடிச்சனான். எனக்குத் தெரியும், ஐயா. அடிச்சது விரலிலை இருந்தது. எங்கை அடிச்சன் எண்டதுதான் இல்லை.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் தொடர்ந்தார்.

“அண்டைக்குக் காலமை போய் இருக்கேக்கை எல்லாம் சின்னனாக் கிடந்தது. கரண்ட் போய் வந்ததாக்கும் எண்டு நினைச்சன். சிலவேளை மிசின் தன்ரை பழைய குணத்துக்குப் போயிடும்தானே?”

“சிலவேளை போகும்.”

“அந்தத் தட்டிலை அதுவும் இருக்கோ? ஆர் சின்னனாக்கினது எண்டு?”

“அளவும் நேரமும்தான் இருக்கும். ஆர் எண்டு அதிலை எழுதாது” என்றேன்.

அது சரியான தகவல். அமைப்புக் கோப்பில் ஆளின் பெயர் பதிவாவதில்லை. அவர் தலையசைத்தார். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ என்றார். குடித்தேன். நீர்வேலியார் துண்டை எல்லாப் புத்தகத்திலும் ஒட்டிவிட்டார்களா என்று கேட்டார். ஊரில் உள்ளவற்றில் ஒட்டியாயிற்று, கனடாவுக்குப் போன நாற்பதுக்கும் தபாலில் அனுப்பினார்கள் என்றேன். இதை மகனிடமே கேட்டு உறுதிப்படுத்தியிருந்தேன். நான்கு மணி பஸ்ஸில் திரும்பினேன். அதன்பின் அவரைப் பார்க்கவில்லை. இதை எழுதி முடிக்கும்வரை 3.40 மணி விடயத்தை அவருக்கோ முதலாளிக்கோ சொல்லவுமில்லை. இது அச்சாகி வந்தால் யாராவது அவருக்கு வாசித்துக் காட்டக்கூடும்.

மற்றவை எல்லாவற்றுக்கும் என்னிடம் ஆதாரம் உண்டு. ஒன்றுக்கு இல்லை. நவம்பர் 9, சனிக்கிழமைப் பிரதியில், அளவுகள் உள்ள கோப்பு காலை 8.52க்குப் புதிதாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அச்சகம் எட்டரைக்குத் திறக்கும். உள்ளே எண்கள் மாறவில்லை. ஒருவர் அமைப்புச் சாளரத்தைத் திறந்து, எதையோ அசைத்து, எது எதுவென்று தெரியாமல் பழையபடி விட்டுவிட்டாலும் இப்படிப் பதிவாகும். கணினி இயங்கத் தொடங்கும்போது தானாகவும் சேமித்திருக்கலாம். என் கணினியில் மூன்று காலை சோதித்தேன். இரண்டு நாள் தானாகச் சேமிக்கவில்லை. ஒரு நாள் சேமித்தது. ஆகவே அன்று 8.52க்கு ரீச்சர் அந்தப் பட்டைகளைப் பெருப்பிக்க முயன்றாரா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.